மறுசேர்க்கை மனித இன்டர்லூக்கின்-2: ஆய்வகப் பயன்பாட்டில் நிறையும் செயல்திறனும்

ஆய்வுச்சுருக்கம்

மனித இன்டர்லூக்கின்-2 என்பது டி செல்களின் பெருக்கத்தையும் கட்டுப்பாட்டையும் ஆளும் சமிக்ஞைப் புரதம். மறுசேர்க்கை டி.என்.ஏ. தொழில்நுட்பத்தால் உருவாக்கப்படும் இப்புரதம் நோய்த்தடுப்பியல் ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படுகிறது. இதன் அளவு சில ஆய்வுகளில் நானோகிராமிலும் சிலவற்றில் 'அலகு' என்ற சொல்லாலும் குறிக்கப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றையே குறிப்பதாகக் கொள்ளும் வழக்கம் சோதனை முடிவுகளின் பொருளையே மாற்றிவிடக்கூடியது. புரதத்தின் அமைப்பு, உற்பத்தி முறை, ஏற்பிகளின் பிணைப்பு நாட்டம், அலகுகளின் வரலாறு, எண்டோடாக்சின் மாசு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை அதனை விளக்குகிறது. ஆய்வேடுகளில் இப்புரதம் பற்றிப் பதிவு செய்ய வேண்டிய விவரங்களையும் தொகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இன்டர்லூக்கின்-2, மறுசேர்க்கைப் புரதம், டி செல், ஏற்பி, பன்னாட்டு அலகு, எண்டோடாக்சின், மீளாய்வுத் தகுதி

முன்னுரை

செல்கள் தம்முள் தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் புரதங்கள் மிகக் குறைந்த செறிவில் செயல்படுபவை. அவற்றை உடலிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்குவது ஒரு காலத்தில் பெரும் உழைப்பைக் கோரியது. இன்றோ உறைநிலையில் உலர்த்தப்பட்ட வெண்தூளாக, சிறு குப்பிகளில் அவை கிடைக்கின்றன. குப்பியின் மேல் நிறை அச்சிடப்பட்டிருக்கும். உடன்வரும் தாளில் தூய்மையும் செயல்திறனும் குறிக்கப்பட்டிருக்கும். ஆய்வாளர் பெரும்பாலும் நிறையை மட்டும் கணக்கில் கொண்டு கரைசலைத் தயாரிக்கிறார்.

நிறை என்பது வேதியியல் அளவு. எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதை மட்டுமே அது கூறும். அவற்றுள் எத்தனை சரியாக மடிந்து ஏற்பியைத் தூண்டவல்லவை என்பதைக் கூறுவது செயல்திறன். அது உயிரியல் அளவு. இவ்விரண்டுக்குமுள்ள இடைவெளி எல்லாச் சமிக்ஞைப் புரதங்களுக்கும் பொதுவானதாயினும், இன்டர்லூக்கின்-2 அதற்கு மிகத் தெளிவான சான்றாக அமைகிறது.

கண்டுபிடிப்பும் மறுசேர்க்கை வடிவமும்

1976ஆம் ஆண்டில் மார்கன், ரஸ்செட்டி, காலோ ஆகியோர், தூண்டப்பட்ட மனித லிம்ஃபோசைட்டுகளின் வளர்ப்பு ஊடகத்தில் டி செல்களை நெடுநாள் வளரச் செய்யும் காரணி ஒன்று இருப்பதைக் காட்டினர். அது முதலில் 'டி செல் வளர்ச்சிக் காரணி' எனப்பட்டது. 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கனில் நடைபெற்ற லிம்ஃபோகைன் பட்டறையை ஒட்டி 'இன்டர்லூக்கின்-2' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது.

1983இல் ததாத்சுகு தனிகுச்சியின் குழுவினர் ஜர்காட் என்னும் மனித டி செல் வரிசையிலிருந்து இப்புரதத்திற்கான மரபணு நகலைப் பிரித்து அதன் வரிசையை வெளியிட்டனர். முன்னோடிப் புரதம் 153 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் முனையிலுள்ள 20 அமினோ அமிலங்கள் செல்லிலிருந்து வெளியேற்றத்திற்கு உதவும் பகுதி. அது வெட்டப்பட்டபின் 133 அமினோ அமிலங்கள் கொண்ட முதிர்ந்த புரதம் எஞ்சுகிறது.

முதிர்ந்த புரதத்தில் 58, 105, 125 ஆகிய இடங்களில் மூன்று சிஸ்டீன்கள் உள்ளன. 58ஆம், 105ஆம் சிஸ்டீன்கள் தம்முள் டைசல்பைடு பிணைப்பை உருவாக்குகின்றன. செயல்திறனுக்கு இப்பிணைப்பு இன்றியமையாதது. 125ஆம் சிஸ்டீன் தனித்து நிற்பது. எ.கோலை பாக்டீரியாவில் இப்புரதம் பேரளவில் உருவாக்கப்படும்போது கரையாத திரள்களாகச் செல்லுக்குள் படிகிறது. அத்திரள்களைக் கரைத்து, புரதத்தை மீண்டும் மடியச் செய்ய வேண்டும். அந்நிலையில் தனித்த சிஸ்டீன் பிற சிஸ்டீன்களுடன் தவறான பிணைப்பை உருவாக்கலாம்; இரு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்தும் விடலாம். 1984இல் சீட்டஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 125ஆம் சிஸ்டீனைச் செரினாக மாற்றி இச்சிக்கலைத் தீர்த்தனர்.

பின்னாளில் ஆல்டெஸ்லூக்கின் என்னும் மருந்தாக அமைந்த புரதம் இம்மாற்றத்தைக் கொண்டது. அதன் முதல் அலனினும் நீக்கப்பட்டுள்ளது. இயற்கைப் புரதத்தின் 3ஆம் த்ரியோனினில் இணையும் சர்க்கரைத் தொகுதியும் அதில் இல்லை. மூலக்கூறு எடை ஏறத்தாழ 15,300 டால்டன். சர்க்கரைத் தொகுதி இல்லாமை இப்புரதத்தின் செயல்திறனைப் பெரிதும் பாதிப்பதில்லை. இயற்கை வரிசையை மாற்றமின்றிக் கொண்ட வடிவங்களும், பாலூட்டிச் செல்களில் உருவாக்கப்படும் சர்க்கரை ஏற்ற வடிவங்களும் ஆய்வகங்களில் வழக்கில் உள்ளன. ஆகவே 'மறுசேர்க்கை மனித இன்டர்லூக்கின்-2' என்ற ஒரே பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறு வடிவங்களைச் சுட்டுகிறது.

மூவகை ஏற்பிகளும் செறிவின் பொருளும்

இன்டர்லூக்கின்-2இன் ஏற்பி ஆல்பா, பீட்டா, காமா என்னும் மூன்று புரதச் சங்கிலிகளால் ஆனது. ஆல்பா சங்கிலி சி.டி.25 என்றும் அறியப்படும். அது தனித்து நிற்கும்போது புரதத்தை ஏறத்தாழ 10 நானோமோலார் நாட்டத்துடன் பிணைக்கிறது. ஆனால் சமிக்ஞையைக் கடத்துவதில்லை. பீட்டாவும் காமாவும் இணைந்த ஏற்பியின் விலகல் மாறிலி ஏறத்தாழ 1 நானோமோலார். மூன்றும் இணைந்த ஏற்பிக்கு அது ஏறத்தாழ 10 பிகோமோலார். விலகல் மாறிலி குறையுந்தோறும் நாட்டம் மிகும். எனவே மூன்றும் இணைந்த ஏற்பி ஏறத்தாழ நூறு மடங்கு வலிமையாகப் பிணைக்கிறது.

புரதம் பிணைந்ததும் பீட்டா சங்கிலியுடன் தொடர்புடைய ஜாக்-1 நொதியும் காமா சங்கிலியுடன் தொடர்புடைய ஜாக்-3 நொதியும் தூண்டப்படுகின்றன. அவற்றின் வழியே ஸ்டாட்-5 என்னும் புரதம் பாஸ்பேட் ஏற்று உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகிறது.

எந்தச் செல்லில் எந்த ஏற்பி உள்ளது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் ஆல்பா சங்கிலியை எப்போதும் மிகுதியாகக் கொண்டவை; 1995இல் ஷிமோன் சகாகுச்சி இச்செல்களைப் பிரித்தறியச் சி.டி.25ஐயே அடையாளமாகக் கொண்டார். இயற்கைக் கொல்லிச் செல்களில் பெரும்பான்மையும், நினைவு சி.டி.8 டி செல்களும் முதன்மையாகப் பீட்டா-காமா ஏற்பியையே கொண்டுள்ளன. ஆகவே குறைந்த செறிவில் இப்புரதம் நோய்த்தடுப்பைக் கட்டுப்படுத்தும் செல்களையும், மிகுந்த செறிவில் தாக்கும் செல்களையும் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-2 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் குடல் அழற்சி தோன்றுவதை 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. 'வளர்ச்சிக் காரணி' எனப் பெயர் பெற்ற ஒன்று இல்லாதபோது நோய்த்தடுப்பு மண்டலம் தளர்வதற்கு மாறாகக் கட்டுப்பாட்டை இழக்கிறது என்பது அதனால் விளங்கியது.

மருத்துவத்திலும் இவ்விருமை வெளிப்படுகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஆல்டெஸ்லூக்கினைப் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இலும் பரவிய மெலனோமாவுக்கு 1998இலும் ஏற்றது. அங்குப் பயன்படுவது உயரளவு. அதன் கடும் பக்கவிளைவு நுண்குழாய்களிலிருந்து நீர்மம் கசிதல். இதற்கு மாறாக, 2011இல் வெளியான இரு மருத்துவ ஆய்வுகள் குறைந்த அளவில் இதே புரதத்தைக் கொடுத்து ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்கின. மூலக்கூறு ஒன்றே, அளவு மாறியதால் நோக்கமே எதிர்த்திசைக்கு மாறியது.

'அலகு' என்ற சொல்லின் மூன்று பொருள்கள்

இன்டர்லூக்கின்-2இன் செயல்திறனை அளக்கப் பயன்படும் வழக்கமான கருவி சி.டி.எல்.எல்-2 என்னும் எலி டி செல் வரிசை. இப்புரதம் இன்றேல் அச்செல்கள் மடியும். மனிதப் புரதம் எலிச் செல்லின் ஏற்பியிலும் செயல்படுவதால் இம்மதிப்பீடு இயலுகிறது. புரதத்தைப் படிப்படியாக நீர்த்துச் செல்களுக்கு அளித்து, பெருக்கத்தைத் தைமிடின் ஏற்பாலோ நிறமாற்றச் சாயத்தாலோ அளவிடுவர். உச்சப் பெருக்கத்தின் பாதியைத் தரும் செறிவு கணக்கிடப்படும்.

இம்முறையிலிருந்து எழுந்த 'அலகு' மூன்று பொருள்களில் வழங்குகிறது.

முதலாவது, பன்னாட்டு அலகு. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்பீட்டுப் பொருளுடன் ஒரே நேரத்தில், ஒரே சோதனையில் ஒப்பிட்டு இது நிறுவப்படுகிறது. செல்களின் நலம், ஊடகம், நாள் ஆகியவற்றால் எழும் வேறுபாடு இரு பொருள்களையும் ஒருசேரப் பாதிப்பதால் ஒப்பீட்டில் பெரிதும் நீங்கிவிடுகிறது.

இரண்டாவது, பன்னாட்டுத் தரநிலை பரவலாகும் முன் நிறுவனங்கள் தாமே வரையறுத்த அலகுகள். இவற்றுள் நன்கறியப்பட்டது சீட்டஸ் அலகு. ஒரு சீட்டஸ் அலகு 6 பன்னாட்டு அலகுகளுக்குச் சமம். 1980களின் கட்டுரைகளில் வெறும் 'அலகு' என்றிருப்பது இதைக் குறித்திருக்கலாம். புற்றுக்கட்டியிலிருந்து பிரித்த டி செல்களை வளர்க்க இன்றும் ஆளப்படும் மில்லிலிட்டருக்கு 6,000 பன்னாட்டு அலகு என்ற செறிவு, பழைய 1,000 சீட்டஸ் அலகேயாகும். மருத்துவ அளவான கிலோகிராமுக்கு 6,00,000 பன்னாட்டு அலகும் 1,00,000 சீட்டஸ் அலகின் மறுவடிவமே.

மூன்றாவது, பாதியளவு விளைவு தரும் செறிவிலிருந்து நேரே கணக்கிடப்படும் அலகு. பாதி விளைவு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமில் கிடைத்தால், அந்த 0.1 நானோகிராம் ஓர் அலகு எனக் கொள்ளப்படும். அதன்படி ஒரு மில்லிகிராமில் ஒரு கோடி அலகுகள் இருக்கும். பன்னாட்டு ஒப்பீட்டுப் பொருளுடன் சேர்த்து அளக்கப்படாத வரை இந்த எண் பன்னாட்டு அலகாகாது. அதே புரதம் வேறோர் ஆய்வகத்தில் வேறு எண்ணைத் தரக்கூடும்.

கணக்கீட்டு விளக்கம்

ஆல்டெஸ்லூக்கினில் 1.1 மில்லிகிராம் புரதம் 1 கோடியே 80 இலட்சம் பன்னாட்டு அலகுகளுக்குச் சமம். அதாவது ஒரு நானோகிராமில் ஏறத்தாழ 16.4 அலகுகள். மூலக்கூறு எடை 15,300 டால்டன் என்பதால் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது ஏறத்தாழ 65 பிகோமோலார் ஆகும். வளர்ப்பு ஊடகத்தில் புரதம் தீர்ந்துபோகாது, பிணைப்பு சமநிலையை எட்டியுள்ளது என்ற எளிய எடுகோளில், ஏற்பிகளில் எத்தனை விழுக்காடு நிரம்பும் என்பதைச் செறிவையும் விலகல் மாறிலியையும் கொண்டு கணிக்கலாம்.

மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் செறிவில் மூன்று சங்கிலி ஏற்பிகளில் ஏறத்தாழ 87 விழுக்காடு நிரம்பும்; பீட்டா-காமா ஏற்பிகளில் 6 விழுக்காடே நிரம்பும். 6,000 பன்னாட்டு அலகில் செறிவு ஏறத்தாழ 24 நானோமோலாராக உயர்வதால் இரண்டாம் வகையிலும் 96 விழுக்காடு நிரம்பிவிடும்.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையில்தான் அலகுக் குழப்பம் விளைவை மாற்றுகிறது. பழைய கட்டுரை ஒன்றில் 'மில்லிலிட்டருக்கு 100 அலகு' என்றிருப்பதாகக் கொள்வோம். அதைப் பன்னாட்டு அலகாகக் கொண்டால் செறிவு ஏறத்தாழ 0.4 நானோமோலார், பீட்டா-காமா ஏற்பிகளில் 29 விழுக்காடு நிரம்பும். சீட்டஸ் அலகாகக் கொண்டால் செறிவு 2.4 நானோமோலார், நிரம்புவது 71 விழுக்காடு. மூன்று சங்கிலி ஏற்பிகளோ இரு நிலையிலும் ஏறத்தாழ முழுமையாக நிரம்பியிருக்கும். எனவே ஒழுங்குபடுத்தும் டி செல்களை மட்டும் ஆராய்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாமல் போகலாம். இயற்கைக் கொல்லிச் செல்களை ஆராய்பவருக்கு 'முந்தைய ஆய்வின் முடிவு மீளக் கிடைக்கவில்லை' எனத் தோன்றலாம். உண்மையில் அவர் முந்தைய ஆய்வை மீளச் செய்யவே இல்லை. ஆறில் ஒரு பங்கு செறிவில் வேறொரு சோதனையைச் செய்துள்ளார்.

நிறையை மட்டும் நம்பினாலும் இதே இடர் உண்டு. ஒரு குப்பியின் செயல்திறன் மில்லிகிராமுக்கு 1 கோடியே 64 இலட்சம் அலகாகவும் மற்றொன்றின் செயல்திறன் 80 இலட்சம் அலகாகவும் இருப்பின், 10 நானோகிராம் என்பது முதலாவதில் 164 அலகும் இரண்டாவதில் 80 அலகும் ஆகும். ஆய்வின் நடுவே குப்பி மாறினால் அவ்விடத்தில் முடிவுகளும் சரியும். அச்சரிவுக்கு உயிரியல் காரணம் தேடப்படும்.

தூய்மைச் சோதனைகள் காட்டாதவை

மின்புலப் பிரிப்பில் ஒற்றைப் பட்டை தெரிவது புரதத்தின் அளவையும் தூய்மையையும் காட்டும், மடிப்பைக் காட்டாது. எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் எலைசா முறையும் தவறாக மடிந்த மூலக்கூறுகளைச் சேர்த்தே எண்ணக்கூடும். உயிர்வழி மதிப்பீட்டிற்கும் வரம்புண்டு: சி.டி.எல்.எல்-2 செல்கள் இன்டர்லூக்கின்-15க்கும் பெருகுவன. அளக்கப்படுவது இன்டர்லூக்கின்-2இன் விளைவே என உறுதிசெய்ய, அதனை முடக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்துப் பெருக்கம் நிற்பதைக் காட்ட வேண்டும். இம்மூன்று முறைகளும் வெவ்வேறு வினாக்களுக்கு விடையளிப்பவை. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது.

எண்டோடாக்சின் மாசு

எ.கோலையில் உருவாக்கப்படும் புரதத்துடன் அப்பாக்டீரியாவின் புறச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடும் சிற்றளவில் ஒட்டி வரலாம். எண்டோடாக்சின் எனப்படும் இது, டி.எல்.ஆர்.-4 ஏற்பி வழியாக மோனோசைட்டுகளைத் தூண்டி டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 முதலியவற்றைச் சுரக்கச் செய்யும். இரத்தத்தின் ஒற்றைக்கரு வெள்ளையணுக்களைக் கலவையாக வளர்க்கும் சோதனைகளில் அவ்விளைவு இன்டர்லூக்கின்-2இன் விளைவாகத் தோற்றமளிக்கும்.

இங்கும் அளவே பொருளைத் தருகிறது. ஒரு மைக்ரோகிராம் புரதத்திற்கு 1 எண்டோடாக்சின் அலகு உள்ளதெனக் கொள்வோம். ஓர் எண்டோடாக்சின் அலகு ஏறத்தாழ 0.1 நானோகிராம் லிப்போபாலிசாக்கரைடுக்குச் சமம். 100 பன்னாட்டு அலகு சேர்த்த ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.6 பிகோகிராம் மாசே இருக்கும். 6,000 பன்னாட்டு அலகு சேர்த்தால் அது 37 பிகோகிராம் ஆகும். மோனோசைட்டுகள் துலங்கக்கூடிய எல்லையை இது நெருங்குகிறது. ஒரே குப்பி ஒரு சோதனைக்குத் தூய்மையானதாகவும் மற்றொன்றிற்கு மாசுற்றதாகவும் அமைகிறது.

எண்டோடாக்சின் வெப்பத்தைத் தாங்குவது. அழுத்தக் கொதிகலனில் நுண்ணுயிர் நீக்கம் செய்வதால் அது போதிய அளவு அழிவதில்லை. நுண்துளை வடிகட்டியும் அதனை நம்பத்தகுந்த வகையில் தடுக்காது. கண்ணாடிக் கலன்களுக்கு 250 செல்சியசில் 30 நிமிட உலர்வெப்பம் தேவை. சோதனையில் லிப்போபாலிசாக்கரைடைப் பிணைக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த கட்டுப்பாட்டுக் குழுவையும், இன்டர்லூக்கின்-2ஐ முடக்கும் எதிர்ப்பொருள் சேர்த்த குழுவையும் அமைப்பின் விளைவின் மூலம் தெளியும். முதற்குழுவில் விளைவு நின்றால் காரணம் மாசு. இரண்டாவதில் நின்றால் காரணம் புரதம்.

கரைசலாக்கலும் பாதுகாப்பும்

குப்பியில் இருக்கும் செயல்திறன் முழுவதும் செல்களைச் சென்றடைவதில்லை. இன்டர்லூக்கின்-2 நீரை விலக்கும் தன்மை மிக்க புரதம். நடுநிலைக் கரைசலில் திரளக்கூடியது. பல வடிவங்களை முதலில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைக்குமாறு கூறப்படுவது இதனாலேயே. மிக நீர்த்த நிலையில் புரதம் நெகிழிக் கலனின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாட்டுச் சீர ஆல்புமின் போன்ற தாங்குபுரதத்தை ஏறத்தாழ 0.1 விழுக்காடு சேர்ப்பது இவ்விழப்பைக் குறைக்கும். ஆனால் தாங்குபுரதம் சேர்ந்த குப்பியில் மொத்தப் புரதத்தை அளந்து இன்டர்லூக்கின்-2இன் அளவாகக் கொள்ளலாகாது. மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்குவதும் செயல்திறனைக் குறைக்கும். ஒருமுறைப் பயன்பாட்டிற்குரிய சிறு பகுதிகளாகப் பிரித்து வைத்தலே தகும்.

'ஆய்வகப் பயன்பாட்டிற்கு மட்டும்' என்னும் குறிப்பும் கருதத்தக்கது. அமினோ அமில வரிசை மருந்தோடு ஒத்திருப்பினும், மனித உடலில் செலுத்துவதற்குரிய உற்பத்தி நெறிகளும் பாதுகாப்புச் சோதனைகளும் அக்குப்பிக்குப் பொருந்தியுள்ளன என்பதற்கு உறுதியில்லை.

ஆய்வேட்டில் பதிவு செய்ய வேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து, செய்முறைப் பகுதியில் பின்வருவன இடம்பெறுதல் வேண்டும் என்பது பெறப்படுகிறது.

1. புரதம் உருவாக்கப்பட்ட உயிரி. வரிசை இயற்கையானதா, 125ஆம் இடம் மாற்றப்பட்டதா என்பது.
2. உற்பத்தித் தொகுதி எண். ஆய்வின் நடுவே தொகுதி மாறியிருப்பின் அச்செய்தி.
3. செறிவு நிறையிலும் அலகிலும். அலகு பன்னாட்டு அலகா, உற்பத்தியாளரின் அலகா என்பது.
4. எண்டோடாக்சின் அளவு, குப்பிக்குரியது மட்டுமன்றி, வளர்ப்பு ஊடகத்தில் இறுதியாக அமையும் அளவு.
5. கரைப்பான், தாங்குபுரதம், சேமித்த வெப்பநிலை, உருக்கிய முறைகளின் எண்ணிக்கை.

தொகுதி மாறும்போது பழைய குப்பியில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, புதியதுடன் ஒரே நாளில் ஒரே செல்களில் படிப்படியாக நீர்த்து ஒப்பிடுதல் நலம். சி.டி.எல்.எல்-2 செல்கள் இல்லாத ஆய்வகங்களில், தூண்டப்பட்ட டி செல்களில் 15 நிமிடங்களுக்குப்பின் ஸ்டாட்-5இன் பாஸ்பேட் ஏற்றத்தை அளந்தும் இவ்வொப்பீட்டைச் செய்யலாம்.

முடிவுரை

மறுசேர்க்கைத் தொழில்நுட்பம் அரிதாய்க் கிடைத்த சமிக்ஞைப் புரதத்தை எளிதாய்க் கிடைப்பதாக்கியது. எளிதாய்க் கிடைப்பது ஒரே தன்மையதாகவும் இருக்கும் என்ற எண்ணம் அதனோடு வளர்ந்தது. இன்டர்லூக்கின்-2இன் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கிறது. ஓர் அமினோ அமிலத்தின் மாற்றம், மடிப்பின் நேர்த்தி, ஆறு மடங்கு வேறுபடும் அலகு, பிகோகிராம் அளவு மாசு ஆகிய ஒவ்வொன்றும் சோதனையின் விடையை மாற்றவல்லவை. இப்புரதத்தில் செறிவு மாறினால் விளைவின் அளவோடு, துலங்கும் செல்லும் மாறுகிறது. ஆகையால் அலகின் பெயரைக் குறிப்பிடாத செறிவு முற்றுப்பெறாத தரவேயாகும். நானோகிராமுக்கு அருகில் பன்னாட்டு அலகையும் எழுதும் ஒரு வரி, அடுத்து வரும் ஆய்வாளர் அதே சோதனையை உண்மையாகவே மீளச் செய்வதற்கு வழிவகுக்கும்.